லெஷெக்கின் நான்கு மஞ்சள் அட்டைகள்

ஓல்ஷான்கா,
7 செப்டம்பர் 1997

அன்புள்ள தம்பி லெஷெக்,

கடவுளுக்குத் துதி, உனக்கு என் முத்தங்கள். நான் நலம். இடுப்பு வலி என்னைவிட நலம். உன் கால் எப்படி இருக்கிறது, மழைக்கு முந்தின நாள் இன்னும் வலிக்கிறதா? நீ அனுப்பிய காப்பித் தூள் வந்து சேர்ந்தது. பாதிரியாருக்குக் கொஞ்சம் கொடுத்தேன். அந்த ஞாயிறு பிரசங்கம் இருபது நிமிடம் நீண்டது. இனிமேல் கொடுப்பதாக இல்லை.

இதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது. ஊரின் ஒரே தொலைபேசி ஊர்த்தலைவர் எட்மண்ட் வீட்டில் இருக்கிறது. நாம் பேசுவதைத் தான் கேட்கவில்லை என்று காட்டுவதற்காக அவர் ஓடிக்கொண்டிருக்கும் வானொலியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

நம் கால்பந்துக் கழகத்துக்கு அவர்தான் தலைவர். நான் வழக்கம்போல் செயலாளர், சலவைக்காரி, கோடு போடுபவள். இஸ்க்ரா, அதாவது தீப்பொறி, இந்த வருடமும் பி வகுப்பில் எரிகிறது. மாவட்டச் சங்கம் புதுப் பட்டியல் அனுப்பியிருக்கிறது. நாம் நாட்டின் ஆறாவது படியா ஏழாவது படியா என்பதில் அவர்களுக்கே ஒற்றுமை இல்லை. எப்படி எண்ணினாலும் நமக்குக் கீழே புல்தான். கீழே இறக்க முடியாத அணி என்பதே நம் பெரிய பலம். ஆனால் பட்டியலிலிருந்து அடித்துவிட முடியும். ஒரு பருவத்தில் மூன்று முறை ஏழு பேர்கூடச் சேராமல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் கழகம் கலைந்தது. கழகம் கலைந்தால் மைதானம் ஊராட்சிக்குத் திரும்பும். அங்கே சர்க்கரைக்கிழங்கு குவிக்க எட்மண்டின் மச்சான் ஏற்கெனவே அளந்து பார்த்துவிட்டான்.

ஆகஸ்டில் அறுவடை விழா அன்று நம் பக்கம் ஐந்து பேர் நேராக நின்றார்கள். மற்றவர்களும் வந்திருந்தார்கள், நிற்கத்தான் முடியவில்லை. முதல் வாக்ஓவர், அதாவது ஆடாமலே தோல்வி.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன் ஆட்டக்காரர் அட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, செல்லுபடியாகவும் இருக்கிறது. போன ஞாயிறு நீ விளையாடினாய். இரண்டாவது பாதியில் ஒரு கோலும் போட்டாய். ஊரே மகிழ்ந்தது. உனக்கும் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
ஹலினா


ப்ரேமர்ஹாஃபன்,
25 செப்டம்பர் 1997

அன்புள்ள அக்கா,

காலுறைக்கு நன்றி. உன் கடிதம் என்னை நல்ல உடல்நலத்தில் கண்டது. நானே எதிர்பார்க்காத அளவுக்கு நல்ல உடல்நலம் போலிருக்கிறது. மீன் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நிற்கிறேன். கால் தாங்குகிறது. மழை வருவதை வானிலை அறிக்கைக்கு முன்பே சொல்லிவிடுகிறது என்பதால் இங்கே எனக்கு மரியாதை உண்டு.

ஒரு கோல் போட எனக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது. எந்தக் காலால் போட்டேன் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். யார் அது? என் பெயரைச் சுமந்துகொண்டு ஓடுகிறவன் ஒழுங்கானவனாக இருக்க வேண்டும். நம் வீட்டில் யார் பெயரைச் சொல்வதில்லையோ, பக்கத்து ஊர் ஓர்கான் அணியின் அந்த ஆளைப் போல இவனும் என் அட்டையை வைத்துக்கொண்டு எவன் காலையாவது உடைத்துவிடப் போகிறான்.

நடுவர் புகைப்படத்தைப் பார்ப்பதில்லையா?

நீ தனியாக விறகு பிளக்காதே. யாரையாவது கூப்பிடு.

உன் தம்பி,
லெஷெக்


ஓல்ஷான்கா,
20 அக்டோபர் 1997

அன்புள்ள லெஷெக்,

எல்லாம் வல்லவர் உன்னைக் காக்கட்டும். இங்கே உறைபனி வந்துவிட்டது. முட்டைக்கோஸ் அரிந்து பீப்பாயில் போட்டாயிற்று. நன்றி, விறகு பிளந்தாகிவிட்டது.

நடுவரைப் பற்றிக் கேட்டாய். நம் பக்கத்து ஆட்டங்களுக்கெல்லாம் கால்நடை மருத்துவர் கொட்டுலாதான் வருகிறார். அவருக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரையும் தெரியும்; அதனாலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் யாரையும் தெரியாது. முதல் நாள் உன் அட்டையை எடுத்துப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"ஜெர்மன் சாப்பாடு ஒத்துக்குது போல. காதுகூட வளந்திருக்கு" என்றார். கையெழுத்துப் போட்டார்.

நீ நன்றாகவே ஆடுகிறாய். மூன்று கோல் ஆயிற்று. போன வாரம் உனக்கு ஒரு மஞ்சள் அட்டை. பந்து கோட்டுக்கு வெளியே போனது நம் ஆள் கால் பட்டுத்தான் என்று நீயே நடுவரிடம் போய்ச் சொன்னாய். நீ எதிர்த்துப் பேசியதாக அவர் எழுதிக்கொண்டார். எட்மண்ட் அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை.

ஓர்கானோடு அவர்கள் மைதானத்தில் ஆடிய அன்று மட்டும் உனக்குக் காய்ச்சல்.

சர்வப் புனிதர் நாளுக்கு அம்மா அப்பா கல்லறையில் உன் பெயரிலும் ஒரு விளக்கு ஏற்றுகிறேன்.

ஹலினா


ப்ரேமர்ஹாஃபன்,
11 நவம்பர் 1997

அன்புள்ள அக்கா,

விளக்குக்கு நன்றி. நான் நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இன்று நம் நாட்டுச் சுதந்திர தினம். இங்கே அதை மீன்களிடம் மட்டும் சொன்னேன்.

மூன்று கோலுக்கு மகிழ்ச்சி. ஆனால் என் கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. வேறு மாதிரி கேட்கிறேன். அவன் இடது காலாலா அடிக்கிறான்? பந்து தன்னிடம் வருவதற்கு முன் தலையைத் தூக்கி ஒருமுறை மேகத்தைப் பார்ப்பானா?

விறகு யார் பிளந்தது?

லெஷெக்


ஓல்ஷான்கா,
15 டிசம்பர் 1997

அன்புள்ள லெஷெக்,

குழந்தை இயேசு உனக்கு உடல்நலமும் மன அமைதியும் தரட்டும். இந்த உறையில் பாதிரியார் ஆசீர்வதித்த அப்பத் தகடு இருக்கிறது. பண்டிகைக்கு முந்தின மாலை முதல் நட்சத்திரம் வந்ததும் உடைத்துச் சாப்பிடு. என் பங்கை உடைத்துக்கொண்டுதான் அனுப்புகிறேன். இங்கே மேசையில் வழக்கம்போல வழிப்போக்கனுக்கு என்று ஒரு தட்டு கூடுதலாக வைப்பேன்.

அணி பட்டியலில் கடைசிக்கு முந்தின இடத்தில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. மைதானத்தில் முழங்கால் அளவு பனி. இப்படியே வருடம் முழுக்க இருந்தால் நம்மை யாரும் தோற்கடிக்க முடியாது. வானம் இந்த மாதம் ஒரே மேகம்.

முத்தங்களுடன்,
ஹலினா


ப்ரேமர்ஹாஃபன்,
6 ஜனவரி 1998

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வாழ்த்து. ஜலதோஷம் தவிர நலம். அப்பத் தகடு வந்தது, நன்றி. இங்கே நட்சத்திரம் தெரியவில்லை; துறைமுக விளக்கை வைத்துச் சமாளித்தேன்.

தகட்டில் இரண்டு மூலைகள் இல்லை. ஒன்று நீ உடைத்தது. இன்னொன்று?

தபாலில் உடைந்திருந்தால் உறைக்குள் தூள் இருந்திருக்கும். நான் உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

லெஷெக்


ஓல்ஷான்கா,
22 மார்ச் 1998

அன்புள்ள லெஷெக்,

உன் ஜனவரிக் கடிதத்துக்கு மார்ச்சில் பதில் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்தேன், நலம் விசாரித்து முடித்தேன், அங்கேயே நின்றுவிட்டேன். பொது நூலகத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறவளுக்கு ஒரு பெயர் எழுத வரவில்லை.

மரியான் காவ்ரோன். நம் வீட்டில் பெயர் சொல்லாத அந்த ஓர்கான் ஆள்தான்.

நீ மேகத்தைப் பற்றிக் கேட்டபோதே உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். நீ கேட்டதை நான் கேட்காதது போலவும், நான் சொல்லாததை நீ அறியாதது போலவும் நாம் இரண்டு பேரும் நன்றாகவே எழுதினோம்.

நடந்தது இதுதான். போன கோடையில் என் கிணற்றுப் பம்பு பழுதானது. நம் ஊரில் யாரும் வரவில்லை. அவன் வந்தான். பம்பு சரியானதும் போகாமல் நின்றான். சங்கத்துக்கு அனுப்ப வேண்டிய ஆட்டக்காரர் பட்டியல் மேசைமேல் இருந்தது. அதில் ஒன்பது பெயர்கள். உன்னையும் சேர்த்து.

"ஆள் இல்லையா?" என்று கேட்டான்.

"நீ வரப் போறியா?" என்றேன், விளையாட்டாக.

"ஓர்கான் என்னை வேற அணிக்கு விடாது, ஆடவும் விடாது. ரெண்டு வருஷத் தடை முடிஞ்சு எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் ஒருத்தன் ஒரு பந்தை என் பக்கம் தட்டலை. லெஷெக் பேர்ல வேணா ஓடறேன். அவனால ஓட முடியாததை நான் ஓடறது நியாயம்தான்."

நான் யோசித்திருக்க வேண்டும். அடுத்த நாள் அவன் முழங்கால் பட்டையோடு மைதானத்தில் நின்றான்.

அவன் உன் காலை உடைத்த அன்று நான் கோட்டுக்கருகில்தான் இருந்தேன். எதையும் மறக்கவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை வழிப்போக்கனுக்கு வைத்த தட்டு இந்த முறை காலியாக இல்லை. இதற்கு மேல் என்னை எழுதச் சொல்லாதே.

நீ கோபித்தால் உன் கோபம் நியாயம். கோபமாகவாவது எழுது.

உன் அக்கா,
ஹலினா


ப்ரேமர்ஹாஃபன்,
19 ஏப்ரல் 1998

அன்புள்ள அக்கா,

ஈஸ்டர் வாழ்த்து தாமதமாகச் சொல்கிறேன். நலம். இங்கே மழை. ஹெர்ரிங் மீன் இந்த வருடம் நன்றாக இருக்கிறது. தனியே ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன், நான்கு பேருக்குப் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லெஷெக்


ஓல்ஷான்கா,
24 மே 1998

அன்புள்ள லெஷெக்,

கடவுள் உன்னோடு இருப்பாராக. ஹெர்ரிங்குக்கு நன்றி. உன் கடிதத்தில் மரியானைத் தேடினேன், மீன் மட்டும் கிடைத்தது. நான்கு பேருக்குப் போதும் என்று எழுதியிருந்தாய். நான் தனி ஆள் என்பது உனக்குத் தெரியும். ஆகவே அந்த வரியை மட்டும் பல முறை படித்தேன். நன்றி.

இப்போது கழகத்துக்கு நேரம் சரியில்லை. போன ஞாயிறு ஊர்க் குழந்தைகளுக்கு முதல் நற்கருணை விழா. நம் அணியில் ஐந்து பேர் ஐந்து குழந்தைகளுக்கு ஞானத்தந்தைகள். காலையில் ஆலயத்தில் இருந்தார்கள், மதியம் மேசையில் இருந்தார்கள், மூன்று மணிக்கு மேசைக்கடியில் இருந்தார்கள். இரண்டாவது வாக்ஓவர்.

இன்னும் இரண்டு ஆட்டங்கள். ஜூன் 7-க்கு எப்படியோ ஏழு பேர் இருக்கிறார்கள், மரியானையும் சேர்த்து. கடைசி ஆட்டம் ஜூன் 14, நம் மைதானத்தில், ஓர்கானோடு. அதற்குள் மூன்று பேர் ஸ்ட்ராபெரி பறிக்க ஜெர்மனிக்குப் புறப்படுகிறார்கள். மாற்றாக மூன்று பேரைப் பிடித்துவிட்டேன். ஆனால் மரியானை ஓர்கான் முன்னால் உன் பெயரில் நிறுத்த முடியாது. அவனுடைய சொந்த ஊர்க்காரர்களுக்கு அவன் காதைக்கூட அடையாளம் தெரியும். எத்தனை முறை எண்ணினாலும் ஆறு பேர்தான்.

உன்னை வரச் சொல்லவில்லை. செய்தி மட்டும் சொல்கிறேன்.

ஹலினா


ப்ரேமர்ஹாஃபன்,
3 ஜூன் 1998

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம் நாட்டு ஸ்ட்ராபெரிக்காரர்களை இங்கே பார்க்கிறேன். பி வகுப்பில் பாதி இந்த நாட்டு வயல்களில் குனிந்து நிற்கிறது.

நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை 12-ஆம் தேதி மாலைப் பேருந்தில் ஏறினால் சனி காலை அங்கே இருப்பேன். அட்டை என்னுடையது, முகமும் என்னுடையது, ஒருமுறையாவது இரண்டும் பொருந்தட்டும். ஓட முடியாது. கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்க முடியும். பத்து வருடமாக நின்றுதான் சம்பளம் வாங்குகிறேன்.

மரியானிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். ஈஸ்டரிலிருந்து மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் சொல்லக் கூடாது என்று சமாதானம் செய்துகொண்டேன். சொல்லாமலே இருக்க அது நல்ல வழி என்பதும் தெரிகிறது.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை மட்டும் அவனிடம் சொல்லி வை.

லெஷெக்


தந்தி
8 ஜூன் 1998

வராதே. நேற்று உனக்கு நான்காவது மஞ்சள் அட்டை. அடுத்த ஆட்டத்துக்குத் தடை. முத்தங்கள். ஹலினா


ஓல்ஷான்கா,
15 ஜூன் 1998

அன்புள்ள லெஷெக்,

முதலில் கடவுளுக்கு நன்றி. இந்த முறை அது வழக்கத்துக்கு எழுதும் சொல் இல்லை. நான் நலம், தூங்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

தந்தி கொடுத்தபோது அஞ்சலகத்துப் பெண் படித்துவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். உன் நான்காவது அட்டைக்கான காரணத்தை முதலில் எழுதிவிடுகிறேன். 7-ஆம் தேதி ஆட்டத்தில் ஒருவன் மரியானைத் தள்ளிவிட்டான் என்று கொட்டுலா நமக்குச் சாதகமாக விசில் அடித்தார். மரியான் எழுந்து அவரிடம் போனான்.

"அவன் என்னைத் தொடலைங்க. நானாத்தான் வழுக்கினேன்."

கொட்டுலா மஞ்சள் அட்டையை எடுத்தார். "நாலாவது தடவையா நீ வந்து எனக்கு ஆட்டம் சொல்லித் தர்றே" என்றார். மூன்று வரைக்கும் நான் எண்ணி வைத்திருந்தேன். நான்கு என்றால் தடை என்பதும் தெரியும். அந்தத் தடை மரியானை விட்டுவிட்டு உன்னைப் பிடிக்கும் என்பது மட்டும் தோன்றவில்லை. ஒன்பது வருடச் செயலாளர்.

ஆக நேற்று மதியம் நம் பக்கம் ஆறு பேர். எட்மண்ட் தன்னையே ஏழாவதாக எழுதச் சொன்னார். அவர் பெயர் பதிவாகியிருப்பது புறாப் பந்தயச் சங்கத்தில் மட்டும். அவருடைய மச்சான் கயிறும் முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு வந்து மூலைக்கொடி அருகில் நின்றான். மரியான் சட்டை மாற்றாமல் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் காலையிலேயே கோடு போட்டு முடித்துவிட்டேன். புதைக்கும் முன் முகத்தைத் துடைத்துவிடுவோமே, அப்படி.

மூன்று மணி. கொட்டுலா வந்துவிட்டார். ஓர்கான் வரவில்லை.

ஓர்கானிலிருந்து நமக்கு நான்கு கிலோமீட்டர். நேர்ச்சாலை. ஒரே ஒரு திருப்பம் உண்டு, அது கல்லறைக்குப் போகிறது. கொட்டுலா கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். நம் ஆறு பேரையும் பார்த்தார். நான் பட்டியலை நீட்டினேன், ஆறு பெயர்களோடு.

"இதை உள்ள வைம்மா" என்றார். "வராத அணியைத்தான் நான் எழுதணும். வந்த அணியை எண்ணச் சொல்லி யாரும் எனக்கு எழுதித் தரலை." எழுதினார்: ஓர்கான் வராததால் இஸ்க்ராவுக்கு மூன்றுக்குப் பூஜ்யம் வெற்றி. இந்தப் பருவத்தில் நம்முடைய மிகப் பெரிய வெற்றி.

மச்சான் கயிற்றைச் சுருட்டினான்.

நாலரை மணிக்கு ஓர்கான் பேருந்து வந்தது. முழு அணி, அவர்கள் மனைவிமார், இரண்டு தட்டுத் தொத்திறைச்சி, ஒரு பீப்பாய். தலைவர் ஹூபர்ட் முதலில் இறங்கினார். தொப்பியைக் கழற்றினார்.

"வழி தவறிட்டோம்மா. மூணு தடவை சுத்தினோம். கல்லறைக்கே ரெண்டு தடவை போய்ட்டோம்."

"நாப்பது வருஷமா வர்ற வழி, ஹூபர்ட்" என்றார் எட்மண்ட்.

"அதான் அசட்டையா இருந்துட்டோம்."

பிறகு அவர் பெஞ்சுக்கு வந்து மரியான் முன்னால் நின்றார். உள்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். ஜெர்மன் தபால்தலை. உன் கையெழுத்து.

லெஷெக், நீ அதில் எழுதியதை அவர் வெள்ளிக்கிழமை மாலை தீயணைப்பு நிலையத்தில் ஊர் கூட்டிப் படித்தாராம். இப்போது மறுபடி படித்தார், எழுத்துக் கூட்டி. பதினோரு வருடத்துக்கு முன்னால் இரண்டு காலையும் தூக்கிப் பாய்ந்தது நீதான், அவன் இல்லை என்று. உன் கால் அவன் முழங்காலில் பட்டு உடைந்தது என்று. நகரத்திலிருந்து வந்த நடுவர் உன் அலறலைத்தான் பார்த்தார், பாய்ச்சலைப் பார்க்கவில்லை என்று. மரியானுக்குச் சிவப்பு அட்டை, இரண்டு வருடத் தடை, ஓர்கானுக்கு ஏ வகுப்புக்கு ஏறும் வாய்ப்பு போயிற்று, மூன்றாம் பிரிவுக் கழகம் அவனைப் பார்க்க அனுப்பியிருந்த ஆள் பாதி ஆட்டத்தில் எழுந்து போனார் என்று. மருத்துவமனையில் கண் திறந்தபோதே உனக்கு இதெல்லாம் தெரியும் என்று. இப்போது உன் அட்டையில் ஓடுகிறவன் மரியான்தான், இந்த ஞாயிறு இஸ்க்ராவுக்கு ஆறு பேர்தான் என்று.

நான் மரியானைப் பார்த்தேன். அவன் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியும்தானே" என்றேன்.

"என் முழங்காலாச்சே."

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை? என்கிட்டகூட?"

"அவன் கால் உடைஞ்சு கிடக்கறான். அந்த நேரத்துல தப்பு உன்னுதுடான்னு எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்." முழங்காலைத் தடவிக்கொண்டான். "அப்புறம் பதினோரு வருஷம் ஆயிடுச்சு."

ஹூபர்ட் கடிதத்தை மடித்து அவன் கையில் கொடுத்தார். "ஊரே சேர்ந்து ஒரு மனுஷனைப் பதினோரு வருஷம் திட்டியிருக்கோம். அதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வழி தவறினாத் தப்பில்லை."

பிறகு ஆட்டம் நடந்தது. அட்டை, பட்டியல், விதி எதுவும் இல்லாத ஆட்டம். கொட்டுலா விசிலை என்னிடம் கொடுத்துவிட்டுத் தொத்திறைச்சித் தட்டருகே உட்கார்ந்தார். மரியான் முதல் பாதியில் ஓர்கானுக்கு ஆடினான், இரண்டாம் பாதியில் நமக்கு. ஓர்கான் சட்டையை அவனிடம் நீட்டியபோது தலைவழியாகப் போட்டுக்கொள்ள அவனுக்கு வெகு நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. முதல் பந்தை அவன் பக்கம் தட்டியது ஹூபர்ட்டின் மகன்.

எத்தனை கோல் என்று யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை, செயலாளர் தொழிலில் இது முதல் தடவை.

செப்டம்பர் ஐந்து, சனிக்கிழமை, எனக்கும் மரியானுக்கும் கல்யாணம். மணமகன் பக்கம் சாட்சி நிற்க அவன் உன்னைக் கேட்கிறான். உன்னால் நிற்க முடியும் என்று எழுதியிருந்தாய்.

உன் மேல் எனக்குக் கோபமா என்று கேட்பாய். அன்று இரவு உன் படுக்கையருகே உட்கார்ந்து அவனைச் சபித்தவள் நான். அந்தச் சாபத்தை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும். ஆனால் நீ எழுதினாய். கல்யாண விருந்துக்கு இரண்டு டப்பா ஹெர்ரிங் கொண்டு வா.

உன் அக்கா,
ஹலினா


ப்ரேமர்ஹாஃபன்,
28 ஜூன் 1998

அன்புள்ள அக்கா, அன்புள்ள மரியான்,

உங்கள் இருவருக்கும் என் வணக்கம். ஒரே உறையில் இரண்டு பெயர் எழுதுவது எளிதாகத்தான் இருக்கிறது. நான் நலம். நேற்று மழை பெய்தது, கால் முன்கூட்டிச் சொல்லவில்லை. மறந்துவிட்டது போலும்.

தந்தி வந்த அன்று மாலை பேருந்துச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்தேன். நேரில் சொல்லும் வாய்ப்பும் போயிற்று, சாக்கும் போயிற்று. ஹூபர்ட்டுக்கு எழுதிய கடிதத்தைக் கிழிப்பதற்கு முன்னால் ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டேன். ஓடினேன் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா அக்கா.

ஜூன் 14 அன்று என் தடையை முறைப்படி அனுபவித்தேன். நாள் முழுக்க எந்த ஆட்டத்திலும் இறங்கவில்லை. பகல் மூன்று மணிக்கு எழுந்து நின்றேன். அறைத் தோழன் காரணம் கேட்டான். ஆட்டம் ஆரம்பிக்கிற நேரம் என்றேன். உலகக் கோப்பையில் இன்று நம் ஆட்டம் எதுவும் இல்லையே, நம் நாடு தகுதியே பெறவில்லையே என்றான். இது அதைவிட முக்கியமான பிரிவு என்றேன்.

மரியான், உனக்கு நன்றி சொல்ல நான் கற்றுக்கொண்ட சொற்களெல்லாம் கடிதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் எழுதுகிறவை. அவற்றை இத்தனை வருடம் வீணாக்கிவிட்டேன். நீ எனக்குப் போட்டுக் கொடுத்த கோல்களை வைத்துக்கொள்கிறேன், தர மாட்டேன். செப்டம்பரில் வருகிறேன். உன் பக்கத்தில் நிற்கிறேன். ஆலயத்தில் யாராவது வழுக்கி விழுந்தால், நான்தான் தள்ளிவிட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, மாவட்டச் சங்கத்துக்கு வருடக் கடைசி அறிக்கை அனுப்புவாய். என் பெயரில் இருக்கும் நான்கு மஞ்சள் அட்டைகளை மனசாட்சி உறுத்துகிறது என்று திருத்திவிடாதே. அவை மரியானுக்குக் காட்டியவை என்று நீ நினைக்கிறாய். இரண்டு மஞ்சள் சேர்ந்தால் ஒரு சிவப்பு. நான்கு சேர்ந்தால் இரண்டு. ஒன்று, அன்று நான் பாய்ந்ததற்கு. மற்றொன்று, அதன் பிறகு பேசாமல் இருந்ததற்கு.

கொஞ்சம் தாமதமாக வந்தன, அவ்வளவுதான். முகவரி சரியானது.

உங்கள் தம்பி,
லெஷெக்